எலுமிச்சம்பழமும் ஒன்பதாவது நரம்பும்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் பலரின் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். தொடர்ந்து ஆறு வாரம் வந்து எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொள்வது இந்தக் கோயிலின் வழக்கம். வீட்டுக்குக் கொண்டு போகும் பழத்தை நறுக்கி ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். காதுக்குக் கீழே, தாடையின் ஓரத்தில் சுருக்கென்று இருக்கும். உடனே வாயில் நீர் ஊறும். அங்கே இருப்பது பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பி. 'பொன்னுக்கு வீங்கி' வந்தால் வீங்குவதும் இதுதான். அந்த நேரத்தில் புளிப்பைச் சாப்பிட்டால் வலி உயிர் போவதும் இதனால்தான்.

அந்தச் சுரப்பியைச் சுரக்கச் சொல்லி உத்தரவு கொண்டு போவது ஒரு நரம்பு. மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் அது ஒன்பதாவது. தமிழில் நாத்தொண்டை நரம்பு. ஆங்கிலப் பெயரான குளாசோஃபாரிஞ்சியல் என்பதும் கிரேக்கத்தில் 'நாக்கு, தொண்டை' என்றுதான் பொருள்படுகிறது.

மருத்துவ மாணவர்களுக்கு இது மனப்பாடம் செய்து எழுத வேண்டிய ஒரு பட்டியல். மற்றவர்களுக்கு அப்படி ஒரு நரம்பு இருப்பதே தெரியாது. இரண்டுமே சரியில்லை. இந்த நரம்பைப் பற்றிச் சாதாரண மக்கள் தெரிந்துகொண்டால் ஒரு ஆபத்தான பழக்கம் குறையும். அது என்ன பழக்கம் என்பதற்கு முன், நரம்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஒரு நரம்பு, ஐந்து வேலை

இது முகுளத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்புகிறது. மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு துளை வழியாக, பத்தாவது, பதினொன்றாவது நரம்புகளோடு சேர்ந்து கழுத்துக்குள் இறங்குகிறது. பிறகு வளைந்து தொண்டைக்கும் நாக்கின் அடிக்கும் போகிறது.

ஒன்று, நாக்கின் பின்பக்க மூன்றில் ஒரு பங்கின் சுவையும் தொடு உணர்வும். நாக்கின் பின்னால் 'வி' வடிவில் வரிசையாக நிற்கும் பெரிய மொட்டுகளின் சுவையும் இதன் வழியாகத்தான் போகிறது. ('நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு மட்டும்' என்ற பழைய படம் தவறு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் எழுதிய ஆய்வைப் பிற்காலத்தில் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை அது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளிலும் தெரியும்.)

இரண்டு, தொண்டை, டான்சில், நடுக்காது ஆகியவற்றின் உணர்வு. டான்சில் வீங்கினால் காதும் வலிப்பது ஏன் என்று இப்போது புரியும். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பி!

மூன்று, மேலே சொன்ன உமிழ்நீர்.

நான்கு, தொண்டையை மேலே தூக்கும் ஒரே ஒரு சிறிய தசை.

ஐந்து, பலரும் எதிர்பார்க்காத வேலை. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகளும், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கண்டுபிடிக்கும் சிறு முடிச்சும் உள்ளன. அவற்றின் செய்தியை மூளைக்கு எடுத்துப் போவதும் இதே நரம்புதான். இந்த உணரிகள் மூச்சை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று காட்டியதற்காகத்தான் பெல்ஜியத்தின் கோர்னேய் ஹேமான்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வரிசையில் ஒருவர் மயங்கி விழுகிறார்

வெயிலில் கோயில் வரிசையில் வெகுநேரம் நிற்கும் ஒருவர் மயங்கி விழுகிறார். நிற்கும்போது இரத்தம் கால் பக்கம் இறங்கும். கழுத்து உணரிகள் அதைக் கவனித்து, ஒன்பதாவது நரம்பு வழியாகச் சொல்லி, இதயத்தை வேகப்படுத்தச் செய்யும். வெயில், பசி, நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்தால் இந்த ஏற்பாடு சமாளிக்க முடியாமல் போகும். ஆள் விழுந்துவிடுவார்.

உடனே கூட்டம் கூடும். "தண்ணி கொண்டாங்க", "சோடா உடைச்சு ஊத்துங்க" என்று குரல்கள் எழும். ஒருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் வாயில் ஊற்றுவார். இதுதான் அந்த ஆபத்தான பழக்கம்.

சாப்பிடும்போது புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று தலையில் தட்டுவார்கள் வீட்டில். புரை ஏறுவது தொந்தரவு அல்ல, காவல். உணவும் மூச்சும் தொண்டையில் ஒரே வழியில் வந்து பிரிகின்றன. தொண்டையில் ஏதோ வந்திருக்கிறது என்ற செய்தியை முக்கியமாகக் கொண்டு போவது ஒன்பதாவது நரம்பு. விழுங்கவும், குரல்வளையை மூடவும், இருமித் தள்ளவும் முக்கியமாக வேலை செய்வது பத்தாவது நரம்பு. நினைவு தவறியவரிடம் இந்தக் காவல் தூங்கிக்கொண்டிருக்கும். ஊற்றிய தண்ணீர் வயிற்றுக்குப் போகுமா, நுரையீரலுக்குப் போகுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவாதத்தில் நிலைமை இன்னும் மோசம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் உண்டு. முகுளத்தின் பக்கவாட்டில் அடைப்பு வந்தால், விழுங்குவதற்கான நரம்பு மையமே அடிபட்டுப்போகும். ஆள் கண் திறந்து பேசிக்கொண்டிருப்பார். தண்ணீர் உள்ளே இறங்கும், இருமலும் வராது. புரை ஏறாமலேயே நுரையீரலுக்குள் போய், பிறகு நிமோனியாவாக வெளியே தெரியும். அதனால்தான் மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளி விழுங்குகிறாரா என்று சோதித்த பிறகே வாய்வழி உணவு கொடுக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்காரர்கள் இதைக் கெடுபிடி என்று நினைத்துக் கோபித்துக்கொள்வது உண்டு. அது கெடுபிடி இல்லை.

"தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தப்பா?"

தப்பே இல்லை. எழுந்து உட்கார்ந்து, தெளிவாகப் பேசி, தானே டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடிகிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். முகம் கோணல், வாய் குழறல், கை விழுதல் இருந்தால் மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம்.

"சர்க்கரை நோயாளி மயங்கினால் இனிப்பு கொடுக்க வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. நினைவோடு விழுங்க முடிந்தால் உடனே கொடுக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் போடக் கூடாது.

"கடைசி நேரத்தில் பால் ஊற்றுவதையும் விட்டுவிடணுமா?" என்று கேட்பார்கள். அந்தச் சடங்குக்குப் பின்னால் இருப்பது அன்புதான். நனைத்த பஞ்சால் உதட்டை ஈரப்படுத்தினாலும் அந்த அன்பு குறையாது, மூச்சும் திணறாது.

சரி, என்னதான் செய்வது? மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சாதாரண மயக்கம் என்றால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தண்ணீர் செய்யும் என்று நினைத்த வேலையைப் படுக்க வைத்ததே செய்துவிடும். மூச்சு இருந்து நினைவு திரும்பவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் இருப்பது வெளியே வழியட்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதம் போலத் தெரிந்தால், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது.

இதைச் சொல்ல மருத்துவராக இருக்கத் தேவையில்லை. மாங்காட்டைச் சுற்றிப் போரூரிலும் தண்டலத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்பதாவது நரம்பின் கிளைகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் கூட்டமான நாளில் கோயில் வரிசையில் நின்று, மக்கள் தமிழில் இரண்டு வாக்கியம் சொன்னால், பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிய விடையை விட அதிகப் பயன் இருக்கும். அதுவும் முடியாவிட்டால், செருப்பு விடும் இடத்தில் ஒரு பலகை போதும்:

'மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். படுக்க வையுங்கள். 108-ஐ அழையுங்கள்.'