பேய்ப்பட இறுவட்டுகளும் வாப்பாவின் கசட்டுகளும்



போன வாரம் ஊர் வட்ஸ்அப் குரூப்பில் என் வீட்டு அலுமாரியின் போட்டோ ஒன்று சுற்றியது. கீழே ஒரு சகோதரர் எழுதியிருந்தார்: "பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற சேர் வீட்ல ஷைத்தான்ட படம் சேர்க்கிறார்." இன்னொருவர்: "அதையும் காசு குடுத்தா வாங்கிற? யூடியூப்ல சும்மா கிடக்கே." முதலாமவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இருக்கிறது. இரண்டாமவரின் பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைத் தந்தது. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த அலுமாரியில் இருப்பவை 1950, 60, 70களில் பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட திகில் படங்கள். புதுப்பிக்கப்பட்ட புளூ-ரே இறுவட்டுகள். பெரும்பாலானவை ஹெமர் கம்பனியுடையவை. தேம்ஸ் நதிக்கரையில் பிறே என்ற இடத்திலிருந்த ஒரு பழைய மாளிகையைத் திரும்பத் திரும்பச் சோடித்து, கொஞ்சக் காசில் எடுத்த படங்கள். 1957இல் பிரங்கன்ஸ்டைன், 1958இல் டிரகுலா. இரண்டையும் இயக்கியவர் டெரன்ஸ் பிஷர். இரண்டிலும் பீற்றர் குஷிங்கும் கிறிஸ்தோபர் லீயும் நடித்தார்கள்.

ஷைத்தான் படம் என்கிறீர்கள். 1966இல் வந்த 'பிளேக் ஒஃப் த சொம்பீஸ்' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தின் கோர்ன்வோல் கிராமமொன்றில் ஒரு ஜமீன்தார், இறந்துபோன ஊர் மக்களைச் சூனியத்தால் எழுப்பித் தன் தகரச் சுரங்கத்தில் வேலை வாங்குகிறான். கூலி இல்லை, சோறு இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. அந்தச் சூனியத்தை அவன் கற்றுவந்தது ஹெயிட்டி தீவில். மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றைப் படிப்பிக்கிற எனக்கு, அது வெறும் பேய்க்கதையாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் தங்களைப் பற்றிக் கண்ட கெட்ட கனவாகத்தான் தெரிந்தது. அதே ஆண்டில், அதே செட்டுகளில் எடுத்த 'த றெப்டைல்' படத்திலோ விஷமெல்லாம் கிழக்கிலிருந்து வருகிறது, பாவம் ஆங்கிலேயக் கிராமத்தார் சாகிறார்கள். அந்தப் புத்தியையும் நாங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

1973இல் வந்த 'த விக்கர் மேன்' இன்னொன்று. மார்க்கப்பற்றுள்ள ஒரு கிறிஸ்தவப் பொலிஸ்காரர், சிலைவணக்கத்துக்குத் திரும்பிப்போன ஒரு ஸ்கொட்லாந்துத் தீவில் அகப்படுகிறார். ஆசை காட்டுகிறார்கள், ஏளனம் செய்கிறார்கள், கடைசியில் உயிரோடு எரிக்கிறார்கள். தன் இறைவனை அழைத்துக்கொண்டே மரணிக்கிறார். இதைப் பார்த்தால் ஈமான் குறையும் என்று யாராவது சொன்னால், அவர் படத்தைப் பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

இது இபாதத் என்று நான் சொல்லவில்லை. பத்வா கொடுக்கும் தகுதி எனக்கில்லை, குரூப்பில் எழுதியவருக்கும் இல்லை. 70களில் வியாபாரம் படுத்ததும் ஹெமர் கம்பனி நிர்வாணத்தைக் காட்டிப் பிழைக்கப் பார்த்தது. அந்த வகையில் ஒன்றிரண்டு தெரியாமல் வாங்கிவிட்டேன். அவை பெட்டியோடு பரணில் கிடக்கின்றன. போட்டோ எடுத்தவரின் கண்ணில் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இனி யூடியூப் விஷயம். அங்கே சும்மா கிடப்பது எந்தப் படம் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

டிரகுலா 1958இல் வெளிவந்தபோது பிரித்தானியத் தணிக்கைச் சபை கத்தரிக்கோலோடு காத்திருந்தது. 1951இலேயே எக்ஸ் சான்றிதழ் வந்துவிட்டது, 16 வயதுக்குட்பட்டவருக்கு அனுமதி இல்லை. அப்படியிருந்தும் வளர்ந்தவர்கள் எதைப் பார்க்கலாம் என்பதையும் அந்தச் சபையே முடிவு செய்தது. டிரகுலா மீனாவை நெருங்கும் காட்சி குறைக்கப்பட்டது. கடைசியில் சூரிய வெளிச்சம் பட்டு, தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொண்டு உதிரும் காட்சியும் குறைக்கப்பட்டது. வெட்டிய துண்டு எங்கே என்று பின்னாளில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஜப்பானுக்குப் போன பிரதியில் அது இருந்தது என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கதை என்று பலர் சிரித்தார்கள். 2011இல் டோக்கியோவின் தேசியத் திரைப்பட நிலையத்தில் அந்தப் பிரதி கிடைத்தது. அதுவும் முழுதாக இல்லை. 1984இல் அங்கே தீப்பிடித்து முதல் ஐந்து சுருள்கள் போய்விட்டன. மிஞ்சியவை ஆறு முதல் ஒன்பது வரை, அவையும் பழுதான நிலையில். தேடிய காட்சிகள் அந்த நான்கு சுருளுக்குள் இருந்தன. அவற்றைத் துப்புரவாக்கி, படத்தில் சேர்த்து, 2013இல் இறுவட்டாக வெளியிட்டார்கள். கூடுதலாகக் கிடைத்தவை சில கணங்கள்தான். அதற்கு 50 ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது.

(அந்த இறுவட்டில் நீல நிறம் தூக்கலாக இருக்கிறது என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. நானும் குறை சொல்லும் கட்சிதான். ஆனால் அதை இங்கே கிளறினால் இஷா தாண்டிவிடும்.)

'விக்கர் மேன்' கதை இன்னும் மோசம். அதை எடுத்த கம்பனிக்கே அது பிடிக்கவில்லை. சுருக்கி, வேறொரு படத்துக்குத் துணைப்படமாக ஓடவிட்டார்கள். மூல நெகடிவ் காணாமற்போனது. எம்-3 நெடுஞ்சாலை போட்டபோது மண்ணோடு மண்ணாய்ப் போட்டு மூடிவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கடைசியில் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் திரைப்படக் காப்பகத்தில் ஒரு பிரதி அகப்பட்டு, 2013இல் 94 நிமிடப் படமாக வந்தது.

சும்மா கிடக்கிறது என்பவர் இதையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும். தேடினவர்களுக்கும், புள்ளி புள்ளியாகக் கீறலை நீக்கினவர்களுக்கும் யார் சம்பளம் கொடுப்பது? இறுவட்டு வாங்குகிற சில ஆயிரம் பைத்தியக்காரர்கள்தான். நானும் அதில் ஒருவன். பிரித்தானிய இறுவட்டு பி வலயம், எங்கள் தெற்காசியா சி வலயம். அதைப் போட்டுப் பார்க்க மெஷினுக்கும் தனியாக அலைய வேண்டியிருந்தது.

"அது வெள்ளைக்காரன்ட படம், எங்களுக்கென்ன" என்பீர்கள். எங்கள் நாட்டுப் படங்களுக்கு என்ன நடந்தது? 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கிருந்த படங்களும் எரிந்தன. அவற்றுக்கு டோக்கியோவில் பிரதி கிடையாது. சுமித்திரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமய்' படத்தைப் புதுப்பித்து 2025இல் கான் விழாவில் காட்டினார்கள். அதைச் செய்துகொடுத்தது இந்தியாவிலுள்ள ஓர் அமைப்பு.

இன்னும் கிட்ட வருகிறேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்ததை மறந்துவிட்டோமா? செக்கிங் வருகிறது என்றதும் அரபு எழுத்து இருந்த புத்தகத்தை எரித்தவர் எத்தனை பேர், சீடியை உடைத்தவர் எத்தனை பேர். ஆரும் வந்து எரிக்கவில்லை, பயத்தில் எங்கள் கையாலேயே எரித்தோம். நானும்தான். வாப்பா வானொலியிலிருந்து பதிந்த பயான், மௌலூது, கலியாண வீடுகளில் அடித்த றபான், நோன்பு இரவில் அவரே ஓதியது என்று இருபத்தாறு கசட்டுகள். உறைகளில் அரபுத்தமிழில் அவர் கைப்பட எழுதியிருந்தார். வருகிறவர்களுக்கு அதை எப்படி வாசித்துக் காட்டுவேன் என்று பயந்து, இரவோடு இரவாகப் பின்வளவுக் கிணற்றில் போட்டேன். டிரகுலா பெட்டிகள் அலுமாரியில் அப்படியே இருந்தன. வந்தவர்கள் ஒன்றை எடுத்துப் பார்த்து, "சேர் ஹொரர் படம் பார்ப்பீங்களா" என்று சிரித்துவிட்டு வைத்தார்கள். வாப்பா மௌத்தாகி அப்போது நான்கு வருடம். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை.

இதற்குப் பிறகும் அந்த அலுமாரியைப் பார்த்து வீண் செலவு என்று நீங்கள் சொல்லலாம். ஒரு விஷயத்தில் அது சரி. கம்பனிக்காரர்கள் அதே படத்தைப் புதுப் பெட்டியில், புது அட்டையில், 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று மறுபடி விற்கிறார்கள். டிரகுலாவை நான் இரண்டு தடவை வாங்கினேன். இரண்டாவது இஸ்ராப், மனைவியிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். முதலாவதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை.

யூடியூப் சகோதரரே, உங்கள் வாப்பா எங்கள் பள்ளியில் செய்த பயான்களை உங்கள் மூத்த நானா கசட்டில் பதிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் பக்கத்தில் இருந்தேன். அவை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா? பழைய டெக் ஒன்றைத் திருத்தி எடுத்து, கணனியோடு இணைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். யாரிடம் இருந்தாலும் கொண்டுவாருங்கள், பென்டிரைவ் ஒன்றும் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். நாடா சிக்கியிருந்தால் பேனையை விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டாம், அறுந்துவிடும். அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.