மூன்றில் ஒரு பங்கு யார் கையில் இருக்கிறது?

ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம், பள்ளிக்கு ஒரு வகுப்பறை வேண்டுமென்றால் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் அலுவலகம் போவதுதான் நமக்குப் பழக்கம். இன்னொரு வழியும் உண்டு. செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்டிக் கட்டினால் மீதியை அரசு தரும். 1997-98இல் வந்து, 2011இல் தன்னிறைவுத் திட்டமாகப் பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய 'நமக்கு நாமே' திட்டம் இதுதான். ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறினாலும் ஊரார் பங்கு என்ற அடிப்படை மட்டும் நிலைத்துவிட்டது.

ஊரார் தங்கள் பணத்தைப் போட்டால் வேலையைக் கவனிப்பார்கள் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் தஞ்சை மண்ணில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

10 லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஊரார் பங்கு சுமார் 3.33 லட்சம். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் போன்ற நம் ஊர்களில் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டால் சில நாட்களில் சேரக்கூடிய தொகை. (வரவேற்பு வளைவுக்கே இதைவிட அதிகம் வசூலித்திருக்கிறோம்!) அதே தாலுகாவில் நடவையும் அறுப்பையும் நம்பியிருக்கும் கூலித் தெருவுக்கு வாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை, இல்லையென்றால் சம்பாவுக்குக் காத்திருப்பு. அறுப்பு இயந்திரம் வந்தபின் அந்தக் கூலியும் சுருங்கிவிட்டது. அங்கே 3.33 லட்சத்தை யார் திரட்டுவது?

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதிகளில் ஊரார் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டுள்ளது. அப்போதும் 2 லட்சம் வேண்டும். அந்தப் பட்டியலுக்குள் வராத ஏழை மீனவத் தெருவுக்கும், ஏன், நம் ஊர்களிலேயே வாடகை வீட்டில் இருக்கும் கூலிக் குடும்பங்களின் தெருவுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

2017இல் தொடங்கிய குடிமராமத்திலும் இதே நிலைதான். பாசனதாரர்கள் பத்து சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் நிறைந்த மாவட்டம் இது. வேலை நடக்கும் வாய்க்காலைத் தேர்வு செய்யும்போது குத்தகைக்காரரின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின், துபாய் வேலையை விட்டு வந்த நிமல் ராகவனும் பேராவூரணி இளைஞர்களும் 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரக் களமிறங்கினார்கள். உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த நன்கொடையே அதற்கு முதல். கடைமடை விவசாயிகளின் 'கைஃபா' அமைப்பு உருவானதும் அப்போதுதான். நாம் மனதாரப் பாராட்டிய முயற்சி அது. ஆனால் அங்கே தென்னை சாய்ந்தாலும் நிலம் சொந்தமாக இருந்த குடும்பங்கள் இருந்தன. வெளிநாட்டில் கேட்டால் கொடுக்க ஆள் இருந்தது. நிலமும் இல்லாமல் பாஸ்போர்ட்டும் இல்லாமல் இருக்கும் ஊரில் இதைவிட நல்ல யோசனை இருந்திருக்கலாம். அது கலெக்டர் மேசை வரை வருவதே இல்லை.

ஊரார் பங்கு என்பதையே ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஊரின் வருமானத்தைப் பார்த்துப் பங்கை நிர்ணயிக்கலாம். கூலி ஊர்களில் உழைப்பையே பங்காக ஏற்கலாம். இது அரசு செய்ய வேண்டியது.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இத்திட்டத்தில் பங்குத் தொகையைத் தனிநபரும் கட்டலாம், அமைப்பும் கட்டலாம். நம் வெளிநாட்டுச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் நம் தெரு விளக்கைப் பற்றிப் பேசும்போது, பக்கத்து ஊராட்சியில் பங்குத் தொகை கட்ட முடியாமல் நிற்கும் வேலை எது என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்து, அதையும் பட்டியலில் சேர்க்கட்டும். அங்கே ஒரு ரூபாய் போட்டால் அரசின் இரண்டு ரூபாய் அந்தத் தெருவுக்கு வரும்.