ஆரஞ்சு என்னும் சொல்

ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு’ என ஒரே சொல்லாற் குறிக்கப்படும் நிறத்திற்குத் தமிழிலே தனிச்சொல் இன்றி, ‘செம்மஞ்சள்’ என இரு நிறங்களைக் கூட்டியன்றோ கூற வேண்டியிருக்கின்றது என்று நம் மாணவ நண்பருட் சிலர் குறைகூறக் கேட்கின்றோம். அச்சொல்லின் வரலாற்றை அறிவாரேல் அவர் அங்ஙனம் கூறார் என்பது எம் கருத்து.

பழைய ஆங்கிலேயரும் இந்நிறத்தை ‘மஞ்சட் சிவப்பு’ எனப் பொருள்படும் தொடர்மொழியாலேயே வழங்கினர். ராபின் என்னும் சிறு பறவையின் மார்பு செம்மஞ்சளாயிருப்பினும், அதனை அவர் ‘செம்மார்பு’ என அழைத்தது இன்றும் நிலைத்துள்ளது. பழத்தின் பெயர் நிறத்திற்கு ஆகிவந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான்.

அப்பழப்பெயர் வடமொழியில் ‘நாரங்கம்’, பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’ என வழங்கி மேனாடு சென்றது. ஸ்பானியத்தில் முதலெழுத்து இன்றும் உண்டு. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும், ‘ஒரு’ எனப் பொருள்படும் முன்சொல்லின் நகரத்தோடு மயங்கி அது கெட்டது. வடமொழிச் சொல்லும் திராவிடத்தினின்று சென்றதே என அறிஞர் பலர் கருதுவர். நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அதன் உறவாகும்.

இதுகொண்டு செருக்குறுவோர்க்கும் நாம் ஒன்று கூறுவோம். ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது. தென் பிரான்சில் ஆரஞ்சு என்றோர் ஊர் உண்டு. அதன் பண்டைப் பெயர் ‘அரௌசியோ’. பழத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், அவ்வூர்ப்பெயர் தாங்கிய குடியினராகிய மூன்றாம் வில்லியம் 1689இல் இங்கிலாந்தின் அரசரானபின், ஒலி ஒற்றுமையால் அந்நிறம் ஐர்லாந்துப் புரோட்டஸ்டாண்டினர்க்கு அடையாளமாயிற்று. 1795இல் அவர் நிறுவிய சங்கமும் அப்பெயரே பூண்டது. 1848இல் தோன்றிய ஐர்லாந்தின் மூவர்ணக் கொடியில் கத்தோலிக்கர்க்குரிய பச்சைக்கும் இந்நிறத்திற்கும் இடையே சமாதானத்தின் வெண்மை நிற்கின்றது. நாரத்தையின் உறவோ ஒலியளவில் நில்லாது, பழமும் பெயரும் ஒருவழியே சென்றமையாலும் வலியுறுகின்றது.

ஆதலின், இரவல் பெற்ற மொழி இழிந்ததும் அன்று. ஈந்த மொழி இறுமாத்தற்கு உரியதும் அன்று. சொல்லைப் பெருமைக்காக ஆராயாது உண்மைக்காக ஆராய்தலே மொழி பயில்வார் கடன். ‘செம்மஞ்சள்’ என்பதோ கேட்ட அளவிலே பொருள் விளக்கும் நற்சொல். அதனை நாணாது எழுதுவோமாக.