ஜூரி சபையில் நம் பிள்ளைகள் எங்கே?



கொலை போன்ற பாரதூரமான வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனால், எதிரி விரும்பினால் ஜூரி முன் விசாரணை கேட்கலாம். ஏழு பேர் உட்காருவார்கள். குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. ஜூரர்களின் பட்டியல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் பேசுவோர் என்று தனித்தனியாக இருக்கிறது. எந்தப் பட்டியலிலிருந்து எடுப்பது என்பதையும் எதிரிதான் சொல்வார். செத்தவரின் வீட்டாரை யாரும் கேட்பதில்லை.

1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் தமிழ்ச் சனங்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது வருடம் கழித்து, 2016 ஜூலையில், அநுராதபுரத்தில் சிங்களம் பேசும் ஜூரி முன் ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். அதே வருடம் டிசம்பரில், நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கிலும் அப்படித்தான். அவருடைய மனைவி தரப்பு அந்த ஜூரியை ஆட்சேபித்தது, பலனில்லை. அந்த ஜூரர்களின் மனச்சாட்சியை நாம் இங்கே விசாரிக்க வரவில்லை. சாட்சி சொன்ன தாயின் அழுகையை நேராகக் கேட்டு விளங்க அங்கே ஓர் ஆளாவது இருந்தாரா என்பதே நமது கேள்வி.

சட்டம் சொல்வது "சிங்களம் பேசுவோர்". "சிங்களவர்" என்றல்ல. இந்த வித்தியாசம் மாத்தளைக்காரர்களான நமக்கு முக்கியம். இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கடையில் நிற்கிறார்கள், ஆஸ்பத்திரியில் நமக்காகப் பேசுகிறார்கள். சந்தையில் விலை பேசும் சிங்களம் வேறு, பிரேத பரிசோதனை அறிக்கையின் சிங்களம் வேறு என்பதும் உண்மை. அதற்கும் வழி உண்டு. நீதிமன்ற மொழி விளங்காத ஜூரருக்கும் அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நம்மில் பலர் வாசித்திருக்கமாட்டோம்.

1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். நாடற்றவரை நியாயம் சொல்ல யார் கூப்பிடுவார்? இன்று நாமும் பிரஜைகள். வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம். ஜூரர் பட்டியலில் மட்டும் லயத்து முகவரி ஏன் அபூர்வமாக இருக்க வேண்டும்?

மாவட்டத்தின் ஜூரர் பட்டியல்களில் தோட்டப் பகுதியினர் எத்தனை பேர், பெயர்களை எப்படித் தெரிகிறார்கள் என்று சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். இரண்டு மொழியும் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டத் தலைவர்கள் இந்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.