நெடுவாசலில் முதலில் கேட்டிருக்கலாம்

2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நாடெங்கும் 31 இடங்களில் எண்ணெய், எரிவாயு எடுக்க ஒப்புதல் தந்தது. நம் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் அதில் ஒன்று. ஊர்க்காரர்களுக்கே செய்தி நாளிதழிலும் டிவியிலும்தான் வந்தது. மறுநாளே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போராட்டம் வடகாடு, நல்லாண்டார்கொல்லை என்று பரவியது உங்களுக்கு நினைவிருக்கும்.

விஞ்ஞானம் தெரியாத ஜனங்கள் வளர்ச்சியைத் தடுக்கிறார்கள் என்று அப்போது டீக்கடையிலும் பேசினார்கள், டெல்லியிலும் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். அதில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் ஆழ்குழாய்க் கிணறுதான். வாழையும் தென்னையும் பலாவும் கீரமங்கலம் பூவும் அந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன. எத்தனை அடியில் நல்ல தண்ணீர், எங்கே பாறை, எந்த வருஷம் மட்டம் இறங்கியது என்பது கிணறு வெட்டிக் கடனான விவசாயிக்கு மனப்பாடம். இதுவும் சான்றுதான். அதைக் கேட்டு வாங்க ஆள் வரவில்லை.

மேடைகளில் மிகைப்படுத்திப் பேசியவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விவரம் தமிழில் கைக்கு வராத இடத்தில் வதந்திதானே முதலில் வரும்?

இத்தனைக்கும் ஜனங்களிடம் எப்படிப் போவது என்று அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இதே மாவட்டத்தில் தெருத்தெருவாக வந்தது. அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அந்த அரசாங்கமும் அரசாங்கம்தானே!

2017-க்குப் பிறகு பாடம் கற்றிருப்பார்கள் என்று பார்த்தால், நடந்தது நேர்மாறு. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை 2020 ஜனவரியில் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று ஆக்கினார்கள். கேட்டால் எதிர்ப்பார்கள், ஆகவே கேட்க வேண்டாம் என்பதுதான் கணக்கு போலிருக்கிறது. கருத்துக்கேட்பை ஏதோ கல்யாண மண்டபத்துச் சடங்காக நினைத்தால் இப்படித்தான் தோன்றும். அதிகாரியின் கோப்பில் இல்லாத விவரம் கிடைக்கிற இடம் அது.

அடுத்த மாதமே தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் அதில் வருகின்றன. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனாலும் 2021 ஜூனில் கறம்பக்குடிப் பக்கம் வடதெரு ஏலப் பட்டியலில் வந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மாநிலத்தில் சட்டம் இருந்தும் பட்டியல் போட்டவர்கள் இங்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கருத்துக்கேட்பு திரும்ப வர வேண்டும். துளை போடுவதற்கு முன், முழு அறிக்கையும் தமிழில், ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். அது வரும்வரை நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் கிணறு எந்த வருஷம் வெட்டியது, அப்போது எத்தனை அடியில் தண்ணீர், இப்போது எத்தனை அடியில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராமசபையில் அதைத் தீர்மானத்தோடு இணைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.