கொலோசியத்துக்குத் தரை வேண்டாம்

2024ஆம் ஆண்டின் கடைசியில், 'கிளாடியேற்றர்' படத்தின் இரண்டாம் பாகம் வந்த கையோடு எயார்பிஎன்பி நிறுவனம் ஒரு அறிவித்தல் விட்டது. தெரிவாகிற சிலர் ரோமின் கொலோசியத்துக்குள்ளேயே கவசம் போட்டு, வாள் பிடித்து கிளாடியேற்றர் மாதிரிச் சண்டை பிடிக்கலாமாம். கொலோசியத்துக்கு 15 லட்சம் டொலர் கொடுக்கும் ஒப்பந்தத்தோடு வந்த ஏற்பாடு அது. ரோம் நகரசபையில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த இடத்தைக் கேளிக்கைப் பூங்கா ஆக்க வேண்டாம் என்றார்கள். விளையாட்டுத்தானே, இதில என்ன இருக்கு எண்டு கேக்கலாம். ஆனால் நாங்கள் எதிர்த்தவர்களின் பக்கம்.

அந்தச் சண்டையை விட எங்களை யோசிக்க வைத்தது இன்னொரு திட்டம். 2021 மே மாதம் இத்தாலியின் கலாசார அமைச்சு, கொலோசியத்துக்குப் புதுத் தரை போடப்போவதாக அறிவித்தது. சுமார் 3,000 சதுர மீற்றரில் மரப்பலகைத் தளம், செலவு 1 கோடியே 85 லட்சம் யூரோ. நடுவில் நின்று, கிளாடியேற்றர் பார்த்தது போலவே சுற்றிவரப் பார்க்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

இப்போது படங்களில் கொலோசியத்தின் நடுவில் தெரிகிற அந்தக் குழப்பமான சுவர்கள், தரைக்குக் கீழே இருந்த நிலவறை. தரை இல்லாததால்தான் அது எங்களுக்குத் தெரிகிறது.

கட்டியது யாரின் காசில்? கி.பி. 70இல் ரோமப் படை ஜெருசலேமை அழித்து, கோயிலைக் கொள்ளையடித்தது. ஒன்றிரண்டு வருடத்தில் பேரரசர் வெஸ்பாசியன், நீரோவின் மாளிகைக் குளம் இருந்த இடத்தில் இந்த அரங்கைத் தொடங்கினார். போர்க் கொள்ளைப் பணத்தில் கட்டியது என்று சொல்லும் கல்வெட்டு இருந்ததாக, ஒரு கல்லில் வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகளை வைத்து 1995இல் கேசா அல்ஃபோல்டி என்ற ஆய்வாளர் வாசித்தார். கொஞ்சத் தூரம் நடந்தால் டைட்டஸின் வளைவு. அதில் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு போகும் படையினரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெற்றிச்சின்னம் எண்டால் என்னெண்டு எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

80இல் டைட்டஸ் திறந்துவைத்து 100 நாள் விழா எடுத்தார். அவருக்குப் பின் வந்த டொமிஷியன் நிலவறையைக் கட்டினார். மிருகங்களின் கூடுகள், ஒடுங்கிய வழிகள், மரத் தூக்கிகள் எல்லாம் அங்கேதான். கீழே அடிமைகள் பெரிய சுழல்மரங்களைத் தள்ளிச் சுற்ற, கூடு மேலே போகும், கதவு திறக்கும், மணலுக்குள் இருந்து சிங்கம் பாயும். மேலே இருந்தவர்களுக்குச் சிங்கம் மட்டும்தான் தெரியும். 'அரீனா' என்ற சொல்லே லத்தீனில் மணல்தான். இரத்தத்தை உறிஞ்சின அந்த மணலே, கீழே நடந்த வேலையையும் மறைத்தது. இருக்கைகளும் தரத்தின்படிதான்: முன்னுக்குச் செனற்றர்கள், உச்சியில் பெண்களும் வறியவர்களும்.

(கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்று நாங்கள் நம்புகிறதுக்குப் பெரிய காரணம் 1872இல் ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்த ஓவியம். சண்டைகள் எல்லாம் சாவில் முடியவும் இல்லை. பழக்கியெடுத்த கிளாடியேற்றர் செத்தால் முதலாளிக்கு நட்டம், அவ்வளவுதான்.)

தரை வேண்டும் என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. மழை நேரே நிலவறைச் சுவர்களில் விழுகிறது, அதைத் தடுக்க வேண்டும். திட்டத்தில் பலகைகள் திரும்பி காற்றையும் வெளிச்சத்தையும் விடும் என்கிறார்கள். ஆனால் மழைக்கு மறைப்புப் போடுவது வேறு, மேடை போடுவது வேறு. நடுவில் நிற்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் ஏற்கனவே சிறு தளம் இருக்குது. காணும்.

ஒவ்வொரு காலமும் கொலோசியத்தைத் தனக்குப் பிடித்த மாதிரித் துப்புரவாக்கியிருக்கிறது. 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற மருத்துவர் அந்த இடிபாடுகளில் 420 வகைத் தாவரங்களைப் பதிந்து புத்தகம் போட்டார். 1870களில் தொல்லியலாளர்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். பச்சைக் காடு போய், கல் மட்டும் மிஞ்சியது. இப்ப கல்லையும் மூடப் பாக்கினம்.

சுவிஸ், இத்தாலி, பிரான்ஸ் என்று உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற எங்கட வாசகர்கள் ரோமுக்கும் ஒரு எட்டுப் போவீர்கள். அப்ப வாசலில் பிளாஸ்டிக் வாளோட நிக்கிறவரோடு செல்பி எடுத்துப்போட்டு வந்திடாதேங்கோ. நிலவறையும் சேர்ந்த ரிக்கற்றை முன்கூட்டியே எடுங்கோ, கெதியா முடிஞ்சிடும். 2021 ஜூனில் திருத்திய நிலவறையைத் திறந்தபோது 160 மீற்றர் நடைபாதை போட்டார்கள். அதில் நடக்கும்போது, 2015இல் பழைய முறைப்படி செய்துவைத்த மரத் தூக்கியைப் பாருங்கோ. அதன் சுழல்மரத்தில் எட்டுப் பேர் நின்று தள்ளும் அளவுக்கு இடம் இருக்கிறது.