பின்னணியைக் கரைக்கிறவர்களுக்கு

பொக்கே என்று ஒரு ஜப்பான் சொல். மாப்பிள்ளை கையில் கொடுக்கிற பூச்செண்டு இல்லை. படத்தில் ஆள் மட்டும் பளிச்சென்று நிற்க, பின்னால் உள்ளதெல்லாம் வெண்ணெயாய்க் கரைகிறதே, அது. திருச்சியில் நாலு போட்டோகிராபர் கூடினால் இதே பேச்சு. ‘85 லென்சு வாங்கிட்டியா, பின்னாடி எப்டி கரையுது பாத்தியா?’ கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எடுத்துப் பிழைக்கிற நானும் கரைத்தவன்தான். யோக்கிய வேஷம் போடவில்லை.

இன்னொரு கட்சி, ‘விஷயம் இருந்தா போதும், மங்கலாவது மண்ணாவது’ என்கிறது. அதையும் நான் ஏற்கவில்லை. மங்கல் முக்கியம் தோழர்களே. யாரை மங்கடிக்கிறோம் என்பதால் முக்கியம்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடிகாலை. திருவரங்கத்து உத்தர வீதியோரம் நம்ம அண்ணன் ஒருத்தர் கையுறைகூட இல்லாமல் சாக்கடைக் குழிக்குள் மார்பளவு நிற்கிறார். லென்ஸை முழுசாய்த் திறந்தேன், எஃப் 1.8. முகம் பளிச். பின்னால் சீரியல் பல்பெல்லாம் வட்டவட்டமாய் வண்ணம். பார்த்தவனெல்லாம் ‘கண்ணு பேசுதுப்பா’ என்றான்.

பேசிய கண் சாட்சி சொல்லவில்லை. 2013-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் குழிக்குள் ஆளை இறக்குவது குற்றம். தோழர்கள் படத்தோடு மனுக் கொடுத்தார்கள். அதிகாரி கேட்டார்: ‘இது எந்த ஊரு? எந்தத் தெரு?’ பத்தடி தள்ளி ஒப்பந்தக்காரர் வண்டி நம்பரோடு நின்றது. மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். கடை போர்டில் தெருப் பெயர் இருந்தது. அத்தனையையும் வெண்ணெயாக்கியவன் நான். மனு அதோடு சரி.

அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘என்னைய மட்டும் தனியா நிக்க வச்சிட்டியே தம்பி. எறக்குனவன் எங்கப்பா?’

அதுதான் கேள்வி. இறக்கியவனை அழித்துவிட்டால் மிஞ்சுவது சோகம். சோகத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம், யாருக்கும் வலிக்காது. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-லும், 30 லட்சம் என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வாங்க இடமும் ஆளும் தேதியும் காட்ட வேண்டும். கண்ணைக் காட்டினால் தருவானா? பாணரைக் காவிரிக்கு அக்கரையிலேயே நிறுத்தி, ஏழு மதிலுக்குள் மையத்தை மட்டும் துலக்கிக் காட்டிய ஊரில், பின்னணி என்பது நாம்தான் என்று பழக்கியிருக்கிறார்கள். நம்மை முன்னால் நிறுத்தும்போது மட்டும் பின்னணி அவர்களாகி, சொகுசாய் மறைந்துகொள்கிறார்கள்.

எங்க அப்பாயி படம் ஒன்று இருக்கிறது. ஸ்டுடியோத் திரையில் மாடிப்படியும் பூந்தோட்டமும். இரவல் செருப்பு. சேரியைத் தானே அழித்துவிட்டு நிற்கிறாள் கிழவி, என்னா மிடுக்கு! அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாயில்லை. செல்போனில் வீட்டுச் சுவரை மங்கவைத்துப் படம் போடுகிற நம் பிள்ளைகளையும் அப்படித்தான். அது அவர்கள் முடிவு. அண்ணன் விஷயத்தில் முடிவு செய்தது என் லென்சு.

புது லென்ஸெல்லாம் வேண்டாம். 35 மி.மீ., எஃப் 8, ஐந்து மீட்டரில் ஃபோகஸ். இரண்டரை மீட்டருக்கு அப்பால் கோபுரம் வரை ஏறக்குறைய எல்லாம் தெளிவாய் விழும். வெளிச்சம் போதாதென்றால் ஐஎஸ்ஓவை ஏற்று. படம் மணல்மணலாய் வரும், வரட்டுமே.

போன மார்கழியில் மறுபடி அதே வீதி, அதே அண்ணன், அதே வெறுங்கை. ‘எங்க நிக்கட்டும்ணே?’ என்றேன். ‘வண்டி நம்பர் விழணும்’ என்றார். நாலடி பின்னால் போய் நின்றேன்.